அணைய மறுத்த ஒன்பது எலிகள்

கூண்டுக்குள் இருந்த சுண்டெலி பச்சையாக ஒளிர்ந்தது.

சாபித் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். எலி ஒளிர்ந்துகொண்டேதான் இருந்தது. போதாததற்கு முன்கால்களால் முகத்தைத் துடைத்துவிட்டு, யாரய்யா நீ என்பதுபோல் அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"இருபத்தியோரு வருஷம் இந்த அல்மாட்டி நகரத்துல டிராலிபஸ் ஓட்டினேன். பச்சை விளக்கைப் பார்த்தா கிளம்பித்தான் எனக்குப் பழக்கம்," என்றார் சாபித். "இங்கே விளக்கே மீசையோட உட்கார்ந்து என்னை முறைக்குது."

"நீங்க முறைக்காம இருங்க அண்ணே, அதுவும் சும்மா இருக்கும்," என்றாள் ரபிகா.

ரபிகாவுக்கு முப்பத்தெட்டு வயது. தனியார் துப்பறிவாளர். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்தவள். அவள் காலடிச் சத்தம் கேட்டாலே உணவு விடுதிக்காரர்கள் நேற்றைய கட்லெட்டைப் பின்வாசல் வழியாகக் கடத்துவார்கள். சாபித்துக்கு ஐம்பத்திரண்டு. உதவியாளர் என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஆனால் அவர் உதவியதைவிட வாயடித்ததுதான் அதிகம் என்பது ரபிகாவின் கணக்கு.

எலிகள் இருந்த அறையின் நீல விளக்கை ஜிபெக் அணைத்தாள். சாதா வெளிச்சம் வந்ததும் எலிகள் எல்லாம் வெறும் வெள்ளெலிகளாகிவிட்டன. ஜிபெக்கின் முகம்தான் வெளிறிப்போயிருந்தது. நல்ல உயரமான பெண், மூன்று வருஷமாக இந்த மரபணு ஆராய்ச்சிக்கூடத்தில் பட்டத்துக்காக உழைப்பவள். காலை ஒன்பது மணிக்கு ரபிகாவின் அலுவலகப் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இப்போது மணி பதினொன்றேகால்.

"முதல்லேருந்து சொல்லு," என்றாள் ரபிகா. "சாபித் அண்ணனுக்குப் புரியற மாதிரி சொன்னா போதும், ஊர்ல எல்லாருக்கும் புரிஞ்சிடும்."

"ஜெல்லி மீனோட ஒரு மரபணுவை இதுங்க உடம்புல வச்சிருக்கோம். நீல வெளிச்சம் பட்டா பச்சையா ஒளிரும். அந்த மரபணுவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு. டெட்ராசைக்ளின் கலந்த தண்ணியைக் குடிச்சா சுவிட்ச் ஆஃப் ஆகி, பத்து நாள்ல எலி இருட்டாயிடணும். மருந்தை நிறுத்தினா திரும்ப ஒளிரணும்."

"டெட்ராசைக்ளினா? சின்ன வயசுல கண் வலிக்கு எங்கம்மா அப்பிவிட்ட மஞ்சள் களிம்பா?"

"அதேதான் அண்ணே. நிமோனியா, காலரா, பிளேக்னு எந்தக் கிருமியா இருந்தாலும் ஒரு கை பார்க்கிற மருந்து."

"அவ்வளவு பெரிய மனுஷனுக்கு எலி விளக்கை அணைக்கிற வேலையா கொடுத்திருக்கீங்க?"

அழுத கண்ணோடு ஜிபெக் லேசாகச் சிரித்தாள். "ஒளிர்றது சும்மா அடையாளத்துக்குத்தான். நாளைக்கு அந்த இடத்துல நோய் உண்டாக்கிற மரபணுவை வைப்போம். நம்ம இஷ்டத்துக்கு அதை எழுப்பலாம், தூங்க வைக்கலாம். எந்த வயசுல அது என்ன கெடுதல் பண்ணுதுன்னு தெரிஞ்சா, வைத்தியம் பண்ண வழி கிடைக்கும்."

போன இலையுதிர் காலத்தில் முதல் பன்னிரண்டு எலியும் ஒழுங்காக அணைந்தன. படம் எடுத்தாள், கட்டுரை எழுதினாள். போன வெள்ளிக்கிழமை வெளியூர் விஞ்ஞானிகள் பார்க்க வந்தார்கள். அவர்களுக்காகப் புதிதாகப் பன்னிரண்டு எலிகளுக்குப் பத்து நாள் மருந்துத் தண்ணீர் கொடுத்து வைத்திருந்தாள். நீல விளக்கைப் போட்டதும் ஒன்பது எலிகள் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தன.

"எல்லார் முன்னாடியும் பேராசிரியர் மார்லென் என்னைப் பார்த்து, பழைய படமெல்லாம் நீ கம்ப்யூட்டர்ல தீட்டினதான்னு கேட்டார். நான் வாயடைச்சுப் போய் நின்னுட்டேன். இன்னைக்கு மூணு மணிக்கு விசாரணைக் குழு கூடுது. என்னை வெளியே அனுப்பிடுவாங்க. அதுகூடப் பரவாயில்லை அக்கா. ஏமாத்துக்காரின்னு பேர் வந்துட்டா அப்புறம் எந்த ஆராய்ச்சிக்கூடத்துலயும் வாசப்படி மிதிக்க முடியாது."

"நீ தீட்டினியா?" என்றாள் ரபிகா, பட்டென்று.

"இல்லை." ஜிபெக் கண்ணை இறக்கவில்லை.

"சரி, மூணு மணி வரைக்கும் நம்பறேன்."

அறையில் ஒரே ஒரு இரும்பு அலமாரி. நான்கு தட்டு, தட்டுக்கு மூன்று கூண்டு, கூண்டுக்கு ஒரு எலி. ஒவ்வொரு கூண்டிலும் தண்ணீர் பாட்டில் தலைகீழாகச் செருகியிருந்தது. எல்லா பாட்டிலுக்கும் வெள்ளிக் காகிதம் சுற்றியிருந்தது.

"இது எதுக்கு?" என்று பாட்டிலைக் காட்டினாள் ரபிகா.

"வெளிச்சம் பட்டா மருந்து கெட்டுடும்."

"அப்போ உள்ளே என்ன இருக்குன்னு வெளியேருந்து தெரியாது."

"தெரியாது. வெள்ளிக்கிழமை இருந்த தண்ணியெல்லாம் மறுநாளே கொட்டிக் கழுவியாச்சு."

"அணைஞ்ச மூணு எலி எந்தக் கூண்டு?"

ஜிபெக் கையைத் தூக்கினாள். மூன்றும் உச்சித் தட்டில் இருந்தன. பக்கத்துச் சுவரில் எடைப் பதிவேடு தொங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் போட்ட எடை. ரபிகா விரலை வைத்துப் படித்தாள். உச்சித் தட்டு எலிகள் மூன்றும் மெலிந்திருந்தன. மருந்து கசக்கும், எலி குறைவாகத்தான் குடிக்கும், அதனால் கொஞ்சம் இளைப்பது வழக்கம்தான் என்றாள் ஜிபெக். ஆனால் கீழே இருந்த ஒன்பதும் கொழுகொழுவென்று ஊதியிருந்தன.

"ஒன்பது சாட்சியும் நல்லா வாங்கித் தின்னிருக்கு," என்றார் சாபித்.

"முதல் தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கீங்க," என்றாள் ரபிகா. சாபித்துக்கு எதைச் சொன்னோம் என்றே தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவைத்தார்.

கதவின் உட்புறம் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. வெளியிலிருந்து உணவோ பானமோ இந்த அறைக்குள் கொண்டுவரக் கூடாது, மீறுபவர் வேலையை இழப்பார். கீழே பேராசிரியர் மார்லெனின் கையெழுத்து, காகிதத்தையே கிழிக்கிற மாதிரி அழுத்தமாக.

கதவு திறந்தது. கையெழுத்துக்காரரே வந்து நின்றார். அறுபது வயது, கனத்த புருவம். வெள்ளைக் கோட்டைக் கை நுழைக்காமல் இரண்டு தோளிலும் சும்மா போர்த்தியிருந்தார். ஜமீன்தார் தோரணை என்று சாபித் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

"துப்பறிய ஆள் கூட்டிட்டு வந்திருக்கியா?" என்றார் ஜிபெக்கைப் பார்த்து. பிறகு ரபிகாவிடம் திரும்பினார். "நல்லாத் தேடுங்கம்மா. எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லை. ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த அறைக்குள்ள ரெண்டே ரெண்டு பேர்தான் வருவாங்க. இந்தப் பொண்ணு, அப்புறம் எலிகளைப் பார்த்துக்கிற கான்ஷாயிம். யாரோ வந்து கெடுத்தாங்கன்னு கதை கட்டினா நான் நம்பத் தயாரா இல்லை."

சொல்லிவிட்டுக் கூண்டுகளை ஒரு பார்வை பார்த்தார். கீழ்த்தட்டில் ஒரு எலி கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிக் குதித்தது. பேராசிரியர் சட்டென்று திரும்பிப் போய்விட்டார்.

நடைபாதைக்கு வந்ததும் சாபித் குரலைத் தாழ்த்தினார். "மேடம், வழக்கு முடிஞ்சுது. மேல் தட்டு மட்டும் தப்பிச்சுது. ஏன்? வந்தவனுக்குக் கை எட்டலை. ஜிபெக் பனைமரம். கான்ஷாயிம் அவளைவிட ஒரு சாண் உயரமாம். அப்போ ஒரு குள்ளனைப் பிடிச்சா போதும்."

"இங்கே குள்ளமா யார் இருக்கா?"

"விசாரிச்சுட்டேன். ரெனாத். எதிர் அறை. இந்தப் பொண்ணோட இடம் காலியானா அடுத்த வருஷம் அவன் ஆராய்ச்சிக்குத்தான் ஆட்களும் அறையும் போகும். மீதியை நீங்களே பொருத்திக்குங்க."

ரெனாத் உண்மையிலேயே சாபித்தின் தோள் உயரம்தான் இருந்தான். நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தவன் தலையைத் தூக்கினான்.

"எலி அறைக்குப் போனியா தம்பி?" என்றார் சாபித், சுற்றி வளைக்காமல்.

"நானா? அந்தக் கதவு திறந்தாலே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன், சாபித்தின் சட்டையைப் பார்த்துப் பின்வாங்கினான். "நீங்க இப்போ அங்கேருந்துதான் வர்றீங்களா?"

அடுத்து அவன் தும்மியது ஒன்பது தடவை. சாபித் எண்ணினார். பத்தாவதுக்குள் ரெனாத்தின் கண் இரண்டும் தக்காளியாகிவிட்டது. "எலி முடி ஆகாது எனக்கு!" என்று கைக்குட்டைக்குள் கத்தினான். "அதனாலதான் நான் ஈஸ்ட்ல வேலை பார்க்கறேன்! தள்ளி நில்லுங்க சார்!"

"ஏம்ப்பா, அவ வெளியே போனா உனக்கு லாபம்தானே?"

"லாபம்தான்! இல்லைன்னு சொல்லலையே! அதுக்காக நான் அந்த அறைக்குள்ள போய்ச் சாகணுமா?"

வெளியே வந்ததும் சாபித்தின் முகத்தில் அசடு வழிந்தது. ரபிகா அதைத் துடைக்க உதவவில்லை.

"குள்ளனா இருந்தா என்ன பண்ணியிருப்பான் அண்ணே?"

"என்ன பண்ணியிருப்பான்?"

"ஸ்டூல் போட்டு ஏறியிருப்பான். அலமாரிக்குப் பக்கத்துலயே ஒரு ஸ்டூல் கிடக்கு. அது மேல ஒரு விரல் கனத்துக்குத் தூசி. ஒரு மாசமா யாரும் தொடலை."

"குள்ளனும் இல்லை, நெட்டையும் இல்லைன்னா பேயா?"

"டீ குடிக்கலாம் வாங்க," என்றாள் ரபிகா.

டீ கான்ஷாயிமின் பொறுப்பு. எலிகளைப் பார்த்துக்கொள்வது அவள் உத்தியோகம். அந்தத் தளத்தில் எல்லாருக்கும் டீ போடுவது அவளாக எடுத்துக்கொண்ட ஆட்சி. அவளுடைய சின்ன அறையில் மேசை நிறைய பொரித்த பவுர்சாக் மாவுருண்டைகளும், உப்புப் போட்டு உலர்த்திய தயிர்க் கட்டிகளும் இருந்தன. கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாக டீயை ஊற்றி, பால் விட்டு, இரண்டு கையாலும் ரபிகாவிடம் நீட்டினாள்.

"ஜிபெக் பொண்ணு பொய் சொல்ற ஆள் இல்லை. நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்," என்றாள்.

"அப்போ நீங்கதான் பாட்டில்ல ஏதாவது கலந்தீங்களா?" என்று வாயைக் கொடுத்தார் சாபித்.

கான்ஷாயிம் சாபித்தின் கிண்ணத்தை எடுத்து, விளிம்பு வரை ததும்பத் ததும்ப டீ ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். அந்த ஊரில் கிண்ணம் ததும்பினால் விருந்தாளி கிளம்பலாம் என்று அர்த்தம்; எழுந்து போ என்று அதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது. சாபித்தின் முகத்தில் ஈயாடவில்லை. ரபிகா தன் பெயரைச் சொல்லி, அவர் சார்பில் மன்னிப்புக் கேட்டு, இரண்டு பவுர்சாக்கைத் தின்ற பிறகுதான் நிலைமை கொஞ்சம் இளகியது.

"பாட்டிலைக் கழுவினது நீங்கதானே அக்கா? ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

"கழுவி மாளலை போங்க. அந்த ஒன்பது பாட்டில்லயும் குழாய் அடைச்சு அடைச்சு, ஊசி விட்டுக் குத்தினேன். ரப்பர் மூடியில ஒரு புளிச்ச வாடை வேற."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"மருந்துன்னா வாடை அடிக்கத்தானே செய்யும்? படிச்சவங்க கலக்கறாங்க, நான் எதுக்குக் குறுக்கே பேசணும்னு விட்டுட்டேன்."

"உச்சித் தட்டு மூணுல?"

"அதுல ஒண்ணும் இல்லை." சொல்லிவிட்டுக் கான்ஷாயிமே ஒரு நொடி யோசித்தாள். "அட, ஆமா. அதுல ஒண்ணும் இல்லை."

ரபிகா தன் கிண்ணத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தாள். "இந்தத் தளத்துல யாராவது பால் இல்லாம டீ குடிக்கிறாங்களா?"

கான்ஷாயிம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பால் இல்லாட்டி அது எப்படிம்மா டீ ஆகும்? வெந்நீர்தானே?"

"காலையில முதல்ல வர்றது யாரு?"

"பேராசிரியர்தான். ஏழரைக்கெல்லாம் வந்துடுவார். முன்னாடி நாளே அவர் அறையில பாலும் டீத்தூளும் வச்சுட்டுப் போயிடுவேன். பாவம், உடம்புக்கு முடியலை அவருக்கு. ரெண்டு மாசமா மாத்திரை சாப்பிடறார், தேறவே மாட்டேங்குது."

ரபிகா கிண்ணத்தை மேசையில் வைத்தாள். அந்த வைப்பு சாபித்துக்குத் தெரியும். ஓட்டுநர் பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டருக்குக் காலை மாற்றுகிற வைப்பு அது.

"ஜிபெக்கைக் கூப்பிடுங்க அண்ணே. எடைப் பதிவேட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

பேராசிரியரின் அறைக்குள் அவர்கள் மூன்று பேரும் நுழைந்தபோது மணி இரண்டரை. மேசைமேல் டைப் செய்த நீக்கல் உத்தரவு. அதில் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஜிபெக் அதைப் பார்த்துவிட்டாள். பதிவேட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சாச்சா?" என்றார் மார்லென். குரலில் கிண்டல் இருந்தது. வெள்ளைக் கோட்டு அப்போதும் தோளில்தான் தொங்கியது.

"முடிச்சுட்டோம் ஐயா. ஒரே ஒரு உதவி. இலையுதிர் காலத்துப் படங்கள் அந்த நீலக் கோப்புலதானே இருக்கு? எடுத்துத் தர்றீங்களா?"

நீலக் கோப்பு அவர் தலைக்கு மேலே, அலமாரியின் உச்சியில் இருந்தது. பேராசிரியர் எழுந்தார். வலது கை முழங்கை அளவுக்கு உயர்ந்து, அங்கேயே நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நீங்களே எடுத்துக்குங்களேன்," என்றார் சாபித்திடம்.

"தோள் ரொம்ப வலியா?" என்றாள் ரபிகா. "கோட்டுல கை நுழைக்கக்கூட முடியலை போல. ஸ்டூல்ல ஏறவும் முட்டி விடாது."

சாபித்துக்கு இப்போதுதான் உறைத்தது. ஜமீன்தார் தோரணையாவது ஒன்றாவது! மனுஷர் வலியைப் போர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"புருசெல்லா காய்ச்சல்மா. வசந்தத்துல சொந்தக்காரங்க வீட்டுல காய்ச்சாத பால் குடிச்சேன், அதுல வந்தது. மூட்டு மூட்டா பிடிச்சு இழுக்குது. டாக்டர் ஆறு வாரம் மாத்திரைன்னார். எட்டு வாரம் ஆச்சு."

ரபிகா மேசையோரம் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எலிகளுக்குக் கொடுக்கிற அதே குடும்பத்து மருந்து. எதோட போடறீங்க?"

"டீயோட."

"பால் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையா?"

"சொன்னார். அவர் சொன்ன நாள்லேருந்து நான் பாலைத் தொட்டது கிடையாது." பேராசிரியர் கண்டிப்பான ஆள் என்பதைக் காட்டும் விதமாக மார்பை நிமிர்த்தினார். "டீ மட்டும்தான்."

எல்லார் கண்களும் அவர் முன்னால் இருந்த கிண்ணத்துக்குப் போயின. அதில் டீ நல்ல ஒட்டக நிறத்தில் ஆடை கட்டியிருந்தது.

"ஐயா," என்றார் சாபித் மெதுவாக, "அதுல இருக்கிறது சுண்ணாம்புத் தண்ணியா?"

மார்லென் கிண்ணத்தைப் பார்த்தார். ஜிபெக்கைப் பார்த்தார். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார். இந்த ஊரில் பால் என்பது தனியாகக் குடிப்பது. டீயில் விட்டுவிட்டால் அது டீ. நாற்பது வருஷம் மரபணுவைப் படித்த மனுஷருக்குத் தன் கிண்ணத்தைப் படிக்கத் தோன்றவில்லை.

"பாலில இருக்கிற கால்சியம் இந்த மருந்தைக் கட்டிப் பிடிச்சுக்கும்," என்றாள் ரபிகா. "அப்புறம் அது ரத்தத்துக்குப் போறது ரொம்பக் கொஞ்சம். வயித்தோட வந்து வயித்தோட போயிடும். உங்களுக்கும் அப்படித்தான். ஒன்பது எலிகளுக்கும் அப்படித்தான். பாட்டில்ல புளிச்ச வாடை, குழாய்ல அடைப்பு, கொழுத்த எலி. தினமும் காலையில யாரோ பால் ஊத்தியிருக்காங்க. சுத்தி இருந்த வெள்ளிக் காகிதத்தால வெளியே தெரியலை. கையைத் தூக்க முடியாத, ஸ்டூல்ல ஏற முடியாத ஒருத்தர். அதனால மேல் தட்டை விட்டுட்டார்."

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க பார்த்ததில்லை," என்றார். "அந்தத் தண்ணியில வாயை வச்சுட்டு மூஞ்சியைச் சுளிக்கும். அப்புறம் தாகத்துல திரும்ப வந்து வாயை வைக்கும், திரும்பச் சுளிக்கும். எனக்குமே அந்தக் கசப்பு டீ இல்லாம இறங்கறதில்லை. ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி பால்தான் விட்டேன். நல்லாக் குடிச்சாத்தானே மருந்து உள்ளே போகும்னு... வெளியூர்க்காரங்க வர்றப்போ அவளோட எலிங்க நல்லா இருக்கணும்னு நினைச்சேன்."

இரும்பு மனுஷர் என்று ஆராய்ச்சிக்கூடமே நடுங்குகிற ஆள், எலி முகம் சுளிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் தினமும் காலையில் பால் ஜாடியோடு பதுங்கிப் போயிருக்கிறார். வேறு சமயமாக இருந்தால் சாபித் ஒரு வாரத்துக்கு இதை வைத்துச் சிரித்திருப்பார். ஜிபெக்கின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டே ரெண்டு பேர்தான் வருவாங்கன்னு சொன்னீங்களே ஐயா," என்றாள் ஜிபெக். "வெள்ளிக்கிழமை நான் எல்லார் முன்னாடியும் நின்னப்போ உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"பாலாலதான் இப்படி ஆச்சுன்னு சத்தியமாத் தெரியாதும்மா. பால் ஒரு தப்புன்னே எனக்குத் தோணலை."

"ஆனா உள்ளே போனது தெரியும்."

"தெரியும்." மார்லென் தலையைக் குனிந்தார். "அந்த அறிவிப்புல என் கையெழுத்து இருக்கு. அதை நானே மீறினேன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்தது."

"உங்க வெக்கத்துக்கு என்னோட மூணு வருஷமா? நாலு நாளா நான் தூங்கலை. எங்கம்மாவுக்கு போன் பண்ணக்கூட பயந்துக்கிட்டு இருக்கேன்."

அவர் நீக்கல் உத்தரவை எடுத்து நாலாகக் கிழித்தார். "கூட்டத்தை ரத்து பண்ணிடறேன். மருந்து கெட்டுப்போச்சுன்னு ஒரு காரணம் எழுதிக்கலாம். உன் பேருக்கு ஒரு குறையும் வராது. விஷயம் நம்ம நாலு பேரோட போகட்டும்."

நல்ல பேரம் என்று சாபித்துக்குத் தோன்றியது. டிராலிபஸ் டிப்போவாக இருந்தால் இந்நேரம் கை குலுக்கிக்கொண்டு கலைந்திருப்பார்கள். ஜிபெக் பதிவேட்டை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"மருந்து கெட்டுப்போகலை ஐயா. இதைப் பாருங்க. பால் போன ஒன்பதுல சுவிட்ச் அணையலை. பால் போகாத மூணுல அணைஞ்சது. என் சுவிட்ச் வேலை செய்யுதுங்கிறதுக்கு இதைவிட ஒரு சாட்சி நானா யோசிச்சாலும் கிடைச்சிருக்காது. அதை மறைக்கச் சொல்றீங்களே! கூட்டம் நடக்கட்டும். எல்லார் முன்னாடியும் கேட்டீங்க, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

ரபிகா ஒதுங்கி நின்றாள். கண்டுபிடிப்பது வரைக்கும்தான் அவள் வேலை.

மூன்று மணிக்குக் கூட்ட அறையில் குழுவினர் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் எப்படியோ கசிந்து, கதவோரம் கான்ஷாயிமும், அவளிடமிருந்து நாலு அடி தள்ளி மூக்கைப் பொத்திக்கொண்டு ரெனாத்தும் நின்றார்கள். ரபிகாவும் சாபித்தும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

மார்லென் எழுந்து நின்றார். ஒரு தடவை தொண்டையைக் கனைத்தார். இரண்டாம் தடவையும் கனைத்தார். ஓடிவிடுவார் என்றே சாபித் நினைத்தார்.

"இந்தப் பொண்ணோட படங்கள் உண்மை," என்றார். "பொய் சொன்னது நான்."

எல்லாவற்றையும் சொன்னார். கரண்டியையும் சொன்னார், சுளித்த முகத்தையும் சொன்னார், டீயையும் சொன்னார். டீ என்றபோது குழுவில் இரண்டு பேர் தங்கள் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்ததை ரபிகா கவனித்தாள். கடைசியில் பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். எலி அறைக் கதவிலிருந்து கிழித்து வந்த அறிவிப்பு.

"மீறினவர் வேலையை இழப்பார்னு எழுதினவன் நான்தான். என் ராஜினாமாவை நாளைக்குக் கொடுத்துடறேன். ஜிபெக், எல்லார் முன்னாடியும் கேட்கறேன். என்னை மன்னிச்சுடு."

ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஜிபெக்கைப் பார்த்தார்கள். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ராஜினாமா வேண்டாம்," என்றாள். "எனக்கு ஐயா தேவைப்படறார்."

"எதுக்கும்மா?" என்றார் குழுத் தலைவர்.

"பால் இல்லாம இருந்தது மூணே மூணு எலி. கட்டுரைக்கு அது போதாது." பேராசிரியர் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலைலேருந்து ஆறு வாரம். என் கண் முன்னாடி, வெறும் தண்ணியில மாத்திரை போடணும். உங்க டாக்டர்கிட்ட நானே பேசிக்கறேன். முகத்தைச் சுளிச்சா நான் பார்க்கவே மாட்டேன்."

கதவோரத்தில் கான்ஷாயிம் தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒளிஞ்சு டீ குடிச்சா?" என்று கேட்டார் மார்லென், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உங்களையும் தராசுல நிறுத்துவேன். கொழுத்திருந்தீங்கன்னா தெரிஞ்சிடும்."